கணினி சொன்னது, நீதிமன்றம் நம்பியது: பிரிட்டன் அஞ்சலக வழக்குகள் சொல்லும் பாடம்

பிரிட்டனில் 1999 முதல் 2015 வரை, தபால் நிலையங்களை நடத்திய 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்று குற்றம்சாட்டப்பட்டுத் தண்டிக்கப்பட்டார்கள். அவற்றில் சுமார் 700 வழக்குகளைத் தொடுத்தது போலீஸ் இல்லை. அரசுக்குச் சொந்தமான 'போஸ்ட் ஆபீஸ்' நிறுவனமே புலனாய்வாளர்களையும் வழக்கறிஞர்களையும் வைத்துக்கொண்டு நடத்தியது. இங்கிலாந்துச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. பெரும்பாலான வழக்குகளில் முக்கிய ஆதாரம் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருள் காட்டிய பற்றாக்குறைதான். அந்தப் பணம் எங்கே போனது என்பதற்குப் பல வழக்குகளில் எந்தத் தடயமும் காட்டப்படவில்லை. குறைகிறது என்று கணினி சொன்னது. அதுவே போதுமானதாக இருந்தது.

செய்திகளில் இந்த விவகாரம் 'மென்பொருள் கோளாறால் சிறை' என்ற தலைப்பில்தான் பெரும்பாலும் வருகிறது. மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் அந்தத் தலைப்பு எனக்கு உறுத்துகிறது. கோளாறு இல்லாத மென்பொருளை இதுவரை யாரும் எழுதியதில்லை; நாங்கள் எழுதுகிற எல்லாவற்றிலும் அது உண்டு. கோளாறே கிடையாது என்று நீதிமன்றத்தில் சாதித்தவர்களும், அவர்கள் சொன்னதை நம்பச் சொன்ன சட்டமும், கேள்வி கேட்க மறுத்த அமைச்சர்களும் சேர்ந்துதான் அந்த மனிதர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள். கோளாறை மட்டும் சொன்னால் இவர்கள் அனைவரும் தப்பிவிடுகிறார்கள்.

ஹொரைசன் என்பது என்ன?

பிரிட்டனின் கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் தபால் நிலையம் என்பது பெரும்பாலும் ஒரு மளிகைக் கடையின் மூலையில் இருக்கும் கவுன்ட்டர். அதை நடத்தும் சப் போஸ்ட்மாஸ்டர் அரசு ஊழியர் அல்லர்; ஒப்பந்தக்காரர். சொந்தச் சேமிப்பைப் போட்டுக் கடையை வாங்கி, ஓய்வூதியம், தபால்தலை, சேமிப்புக் கணக்கு, மின்கட்டணம் என்று எல்லாவற்றையும் கையாள்வார். தன் கவனக்குறைவாலோ தவறாலோ வரும் நஷ்டத்தை அவர் ஈடுகட்ட வேண்டும் என்றது ஒப்பந்தம். நடைமுறையிலோ, கணக்கில் எந்தக் குறை வந்தாலும் அது அவருடைய தவறு என்றே நிறுவனம் எடுத்துக்கொண்டது.

ஹொரைசன் பிறந்த கதையில் அரசியல் முதலிலேயே இருக்கிறது. 1996இல் இது சமூக நல உதவித்தொகையை அட்டை மூலம் வழங்கும் திட்டமாக, ஐசிஎல் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஐசிஎல் அப்போதே ஜப்பானின் புஜிட்சு கையில் இருந்தது. திட்டம் தாமதமானது, செலவு ஏறியது. 1999இல் டோனி பிளேர் அரசு அட்டையைக் கைவிட்டது. ஆனால் அதுவரை செய்த வேலை வீணாகக் கூடாது என்று, மிச்சமிருந்த கணினி அமைப்பைத் தபால் நிலையங்களின் கணக்கு அமைப்பாக மாற்றினார்கள். ஒரு தேவைக்காகத் தொடங்கி, அது போன பின்னும் பணம் போட்டாயிற்று என்பதற்காகத் தொடரப்படும் திட்டங்களின் நிலைமையை எங்கள் துறையில் பலரும் பார்த்திருக்கிறார்கள். அடித்தளத்தைத் திரும்ப யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது. முடித்துக் கொடுப்பதே குறியாக இருக்கும்.

ஐசிஎல் நிறுவனத்துக்குள்ளேயே எச்சரிக்கை எழுந்தது. 1998இல் கவுன்ட்டர் மென்பொருளை ஆராய்ந்த உள் அறிக்கை ஒன்று, இந்த விவகாரத்தை ஆராய அமைந்த பொது விசாரணை ஆணையத்தின் முன் பின்னாளில் வைக்கப்பட்டது. அதில் விஷுவல் பேசிக் மொழியில் எழுதிய ஒரு துணுக்கு எடுத்துக்காட்டாக இருக்கிறது. ஓர் எண்ணின் குறியை மாற்ற வேண்டும். கூட்டல் என்றால் கழித்தல், கழித்தல் என்றால் கூட்டல். எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் வேலை முடிந்தது. அங்கே எழுதியிருந்ததோ வேறு: எண் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருந்தால் அதன் குறியை நீக்கு, இல்லாவிட்டால் அந்த எண்ணிலிருந்து அதன் இரு மடங்கைக் கழி.

விடை சரியாகத்தான் வரும். ஆனாலும் மென்பொருள் எழுதும் எவரும் இதைப் படித்தால் கலங்கிப்போவார்கள். குறி மாற்றுவதையே இப்படிச் சுற்றி எழுதிய கை, பணப் பரிமாற்றம் பாதியில் அறுந்தால் என்ன செய்வது என்ற கடினமான இடங்களை எப்படி எழுதியிருக்கும்? அந்தப் பகுதியை முழுவதும் மாற்றி எழுதுவது பற்றி யோசிக்க வேண்டும் என்றது அறிக்கை. மாற்றி எழுதவில்லை, பிழை தென்படத் தென்பட ஒட்டுப்போட்டார்கள்.

பணம் எப்படிக் 'காணாமல்' போனது?

இரண்டு பிழைகளைச் சொன்னாலே நிலைமை புரியும். ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் நகரில் கேலண்டர் ஸ்கொயர் என்ற கிளை. ஒரு கிளைக்குள்ளேயே ஒரு கவுன்ட்டரிலிருந்து மற்றொன்றுக்குப் பணத்தை மாற்றுவது அன்றாட வேலை. மாற்றிய விவரம் எல்லாக் கவுன்ட்டர் கணினிகளுக்கும் நகலாகப் போய்ச் சேர வேண்டும். சில வேளைகளில் நகல் போகாமல் நின்றுவிட்டது. பணத்தை ஒரு கணினி ஏற்றுக்கொண்ட செய்தி அடுத்ததற்குத் தெரியாததால், அதே பணத்தை இரண்டாம் முறையும் ஏற்க முடிந்தது. காகிதத்தில் பணம் இரட்டித்தது, பெட்டியில் இரட்டிக்கவில்லை, வித்தியாசம் பற்றாக்குறையாக நின்றது. 2005இல் அடையாளம் காணப்பட்ட இந்தப் பிழை 2000 முதலே இருந்திருக்கிறது.

இன்னொன்று டால்மெலிங்டன் என்ற கிளையில் நடந்தது. அங்கிருந்து ஒருவர் 8,000 பவுண்டை ஒரு சிறு கிளைக்கு அனுப்பினார். அங்கே பணப் பையின் பார்கோடை ஸ்கேன் செய்து என்டர் விசையை அழுத்தினால், திரை அப்படியே உறைந்து நின்றது. வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி அழுத்த, ஒவ்வோர் அழுத்தலும் ஒரு புதிய 8,000 ஆகப் பதிவானது. கணக்கில் 32,000 பவுண்ட். இல்லாத 24,000 பவுண்டுக்கு அவர் பொறுப்பாளி ஆனார். யுபிஐயில் பணம் அனுப்பும்போது திரை சுற்றிக்கொண்டே இருக்க, பதறிப்போய் மறுபடி அழுத்தாதவர்கள் நம்மில் குறைவு. அப்போது பணம் இரண்டு முறை போகாமல் காப்பது, ஒரு பரிமாற்றத்துக்கு ஒரு எண், அந்த எண்ணை ஒரு முறைதான் ஏற்க வேண்டும் என்ற எளிய விதி. பணம் தொடும் மென்பொருளில் முதலில் எழுத வேண்டிய விதி அதுதான். இந்தப் பிழை வெளிப்பட்டது 2015இல். தேடிப் பார்த்தபோது, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 88 கிளைகளில் அது நடந்திருப்பது தெரிந்தது.

இவற்றையெல்லாம் புஜிட்சு பொறியாளர்கள் 'அறியப்பட்ட பிழைகள்' என்ற பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். ஒழுங்கான எந்த நிறுவனமும் செய்வது அது. ஆனால் அந்தப் பதிவேடு சப் போஸ்ட்மாஸ்டர்கள் கண்ணில் படவில்லை. உதவி எண்ணுக்கு அழைத்தவர்கள் பலருக்கும் கிடைத்த பதில், 'உங்களுக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது.' அந்த ஒரு பொய்தான் இந்த விவகாரத்தில் எனக்கு எல்லாவற்றையும்விடக் கொடியதாகப் படுகிறது. நூற்றுக்கணக்கானவர்கள் ஆளுக்கொரு ஊரில் தனித்தனியாக உட்கார்ந்து, நாம்தான் எங்கோ தவறு செய்கிறோம் என்று தங்களையே சந்தேகித்தார்கள்.

யார்க்‌ஷயர் கடற்கரையில் பிரிட்லிங்டன் கிளையை நடத்திய லீ காஸில்டன் 91 முறை அந்த எண்ணை அழைத்தார். சுமார் 25,000 பவுண்ட் கேட்டு அவர் மீது வழக்குப் போட்டார்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாமல் தானே வாதாடித் தோற்றார். 2007இல் எதிர்த்தரப்புச் செலவாக 3,21,000 பவுண்ட் அவர் தலையில் விழுந்தது; திவாலானார். ஹாம்ப்‌ஷயரில் ஜோ ஹாமில்டன், உதவி எண்ணில் சொன்னபடியே விசைகளை அழுத்தியபோது 2,000 பவுண்ட் பற்றாக்குறை அவர் கண்ணெதிரே 4,000 ஆனது. சர்ரேயின் வெஸ்ட் பைஃப்ளீட் கிளையை நடத்திய இந்திய வம்சாவளிப் பெண் சீமா மிஸ்ராவுக்கு 2010 நவம்பரில் 15 மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அன்று அவருடைய மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். அவர் வயிற்றில் எட்டு வாரக் குழந்தை.

கிளைக் கணக்கை வெளியிலிருந்து யாரும் தொட முடியாது என்றும் போஸ்ட் ஆபீஸ் பல ஆண்டுகள் சாதித்தது. தொட முடியும், தொட்டிருக்கிறோம் என்று புஜிட்சுவின் முன்னாள் ஊழியர் ரிச்சர்ட் ரோல் 2015இல் பிபிசி பனோரமா நிகழ்ச்சியில் வெளிப்படையாகச் சொன்னார். சர்வர் பக்கத்திலிருந்து பராமரிக்கப்படும் எந்த அமைப்பிலும் அப்படி ஒரு வழி இருக்கும் என்பது எங்கள் துறையில் யாருக்கும் தெரியும். பெரும்பாலான வழக்குகளில் அதை நீதிமன்றத்தில் கேட்க, தெரிந்தவர் யாரும் இல்லை.

சட்டம் எந்தப் பக்கம் நின்றது?

1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69ஆவது பிரிவுப்படி, இங்கிலாந்தில் கணினிப் பதிவைக் குற்ற வழக்கில் ஆதாரமாகக் காட்டுபவர், அந்தக் கணினி சரியாக இயங்கியது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அது வீண் சுமை என்று சட்ட ஆணையம் 1997இல் பரிந்துரைக்க, 1999இல் அந்தப் பிரிவை நீக்கச் சட்டம் வந்தது. 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே மாதங்களில்தான் ஹொரைசன் நாடெங்கும் கிளை கிளையாக நிறுவப்பட்டுக்கொண்டிருந்தது. அதன் பிறகு, எதிராக ஏதும் காட்டாதவரை கணினி சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

இயந்திரங்களைப் பற்றிய பழைய அனுமானம் இது. கடிகாரத்துக்கும் போக்குவரத்து விளக்குக்கும் அது பொருந்தலாம். அவை கெட்டால் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். மென்பொருள் அப்படிக் கெடுவதில்லை. ஆயிரக்கணக்கான கிளைகளில் சரியாகக் கணக்குப் போட்டுவிட்டு, ஒரு கிளையில், இணைப்பு அறுந்த ஒரு நொடியில் மட்டும் தவறும். அந்தத் தவறை நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர். நிரூபிக்கத் தேவையான லாக், அதாவது கணினியின் இயக்கப் பதிவு, முழுவதும் எதிராளியின் கையில். தன்னிடம் இல்லாத ஆவணத்தில் எந்தப் பக்கத்தைக் கேட்பது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இந்தச் சுவரை உடைக்க ஆலன் பேட்ஸுக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. வேல்ஸில் லாண்டட்னோ அருகே கிளை நடத்திய அவருடைய ஒப்பந்தத்தை 2003இல் ரத்து செய்தார்கள். 2009 மே மாதம் 'கம்ப்யூட்டர் வீக்லி' இதழ் ஏழு பேரின் கதையை வெளியிட்டது. பெரிய நாளிதழ்கள் கண்டுகொள்ளாததை ஒரு கணினித் தொழில் இதழ் விடாமல் எழுதியது என்பதை என் துறை பெருமையோடு நினைவில் வைக்க வேண்டும். அதே ஆண்டில் பேட்ஸ் மற்றவர்களைச் சேர்த்து அமைப்பு தொடங்கினார். 555 பேர் தொடுத்த வழக்கில் நீதிபதி பீட்டர் ஃப்ரேசர் 2019 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தது. ஹொரைசனின் பழைய பதிப்பு நம்பத்தகுந்ததாக இல்லை என்று அறுதியிட்டது. சமரசத் தொகை 5.775 கோடி பவுண்ட். வழக்குச் செலவு போக ஆளுக்குச் சுமார் 20,000 பவுண்டுதான் மிஞ்சியது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது.

அரசியல்வாதிகள் அதற்குப் பிறகும் மெதுவாகவே நகர்ந்தார்கள். 2024 ஜனவரியில் ஐடிவி தொலைக்காட்சியில் இது நாடகமாக வந்தது. மக்கள் கொந்தளித்தார்கள். அதே ஆண்டு மே 24 அன்று, நீதிமன்றங்கள் விதித்த நூற்றுக்கணக்கான தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் சட்டம் நிறைவேறியது. லேபர், கன்சர்வேட்டிவ், லிபரல் டெமாக்ரட் என மூன்று கட்சிகளின் அமைச்சர்களும் இந்தக் காலத்தில் பொறுப்பில் இருந்தார்கள். நிறுவனத்தின் அன்றாட நிர்வாகத்தில் அரசு தலையிடாது என்பதே அவர்களின் நெடுநாள் பதில். ஒரே பங்குதாரராக இருக்கும் அரசு அப்படிச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஐந்து மாதங்களில் செய்ய முடிந்ததைப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கலாம். ஓய்வுபெற்ற நீதிபதி வின் வில்லியம்ஸ் தலைமையிலான அந்தப் பொது விசாரணை ஆணையம் 2025 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையின் முதல் தொகுதி, குறைந்தது 13 பேர் இதனால் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்று பதிவு செய்கிறது.

நம் சட்டத்தில் ஒரு ஓட்டை

இந்தியாவில் கணினிப் பதிவை ஆதாரமாக ஏற்பதற்கான விதிகள் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் இருந்தன. அதன் வாசகம் 1968ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டமொன்றை அடியொற்றியது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆவது பிரிவு அந்த இடத்தில் நிற்கிறது. கணினி சரியாக இயங்கியது என்று சான்றிதழ் தர வேண்டும். நிபுணர் ஒருவரும் ஒரு பகுதியை நிரப்ப வேண்டும். கோப்பின் விரல்ரேகை போன்ற ஹேஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். பிரிட்டன் கைவிட்ட பாதுகாப்பு நம்மிடம் காகிதத்திலாவது இருக்கிறது.

ஆனால் ஹேஷ் மதிப்பு சொல்வது, இந்தக் கோப்பை எடுத்த பின் யாரும் மாற்றவில்லை என்பதை மட்டுமே. கோப்பில் இருக்கும் கணக்கு சரியா என்பது பற்றி அது எதுவும் சொல்லாது. டால்மெலிங்டனின் 32,000 பவுண்டுக்கும் குறையில்லாத ஒரு ஹேஷ் மதிப்பு கிடைத்திருக்கும். 'சரியாக இயங்கியது' என்ற வரியில் கையெழுத்திடுபவர் பெரும்பாலும் கணினியை வைத்திருக்கும் நிறுவனத்தின் ஆளே. பிழைப் பதிவேட்டைப் பார்த்தாரா, அந்த நாளில் சர்வர் பக்கமிருந்து யாராவது திருத்தம் செய்தார்களா என்று படிவம் கேட்பதில்லை.

ஆகவே வழக்கறிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். கணினிக் கணக்கை மட்டும் வைத்து ஒரு வங்கி ஊழியர் மீதோ கூட்டுறவுச் சங்கச் செயலாளர் மீதோ வழக்கு வந்தால், மூன்றைக் கேட்டு மனுப் போடுங்கள்: அந்தக் காலத்தின் பிழைப் பதிவேடு, உயர் அனுமதியோடு உள்ளே நுழைந்தவர்களின் பட்டியல், அதே புகாரைச் சொன்ன மற்றக் கிளைகளின் விவரம். என் துறை நண்பர்களுக்கு ஒன்று. பிறர் பணத்தைத் தொடும் பிழையை நீங்கள் பதிவேட்டில் எழுதி மூடும்போது, பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் போயிற்றா என்று கேளுங்கள். போகவில்லை என்றால் அந்த டிக்கெட்டை மூடாதீர்கள்.