மேலே போக டேட்டா வேண்டாம்

மழை விடாமல் கொட்டும் நாட்களில் இரத்தினபுரி, கேகாலை தோட்டங்களில் ஆள்மாறி ஆள் போனைத்தான் பார்ப்பார்கள். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளில் புளத்கொஹுப்பிட்டிய களுப்பான தோட்டத்தில் லயத்தின் மேலேயே மண் வந்து விழுந்தது. அதை மறந்துவிட்டு மழையில் நிம்மதியாகத் தூங்க யாராலும் முடியாது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளாக வெளியிடுகிறது. சிவப்பு என்றால் இடத்தை விட்டு வெளியேற வேண்டும். இப்படிப்பட்ட அறிவிப்பை இணையப் பக்கத்தில் மாவட்டவாரியாகப் போட்டால் பட்டியல் நீண்டுவிடும். தெரணியகலையா, எட்டியாந்தோட்டையா, கலவானையா என்று தேடிக்கொண்டே கீழே போகிறோம். ஊர்ப்பெயர் கிடைத்ததும் அடுத்த கேள்வி வருகிறது: இது எத்தனை மணிக்குப் போட்டது, எதுவரை செல்லும்? தேதியும் நேரமும் பக்கத்தின் உச்சியில்தான் இருக்கும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதா வேண்டாமா என்பதை, அது நேற்றைய சிவப்பா இன்றைய சிவப்பா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

நனைந்த திரையில் விரல் சரியாக ஓடாது. தள்ளித் தள்ளி உச்சிக்கு வந்தது தெரியாமல் இன்னொரு முறை இழுத்தால், பல பிரவுசர்களில் பக்கம் புதிதாக லோட் ஆகத் தொடங்கிவிடும். சிக்னல் போயிருந்தால், கையில் இருந்த அறிவிப்பும் போய்விடும்.

இதற்குத் தேவை, அழுத்தினால் உச்சிக்குக் கொண்டுபோகும் ஒரு பட்டன். அதற்கு ஒரே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் வரி போதும்: விண்டோ.ஸ்க்ரோல்டூ(0, 0). முதல் பூச்சியம் இடது ஓரம், இரண்டாவது உச்சி. இந்த வேலை முழுவதும் போனுக்குள்ளேயே நடக்கிறது. சிக்னல் கோபுரமும் வேண்டாம், ரீலோடும் வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் எழுதத் தெரியாதவருக்கும் வழி உண்டு. இணைப்பின் எச்ரெஃப் இடத்தில் # என்ற குறியை மட்டும் போட்டால் பிரவுசரே உச்சிக்குக் கொண்டுபோய்விடும். எச்டிஎம்எல் விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது.

ஆனால் அந்த இடத்தை வெறுமையாக விட்டால் காரியம் கெட்டது. வெற்று எச்ரெஃப் என்றால், இதே பக்கத்தை மறுபடி கொண்டுவா என்று பொருள். பட்டன் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கொழும்பில் நல்ல இணைப்பில் சோதிப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலே போகலாம். தோட்டத்து மடுவத்தில் நின்று அழுத்துபவருக்குத் தெரியும்.

பட்டியலைத் தனிப்பெட்டிக்குள் உருளும்படி வைத்திருந்தால் விண்டோவுக்குச் சொல்லும் கட்டளை அதை அசைக்காது. அந்தப் பெட்டியைக் குறிப்பிட்டே ஸ்க்ரோல்டூ சொல்ல வேண்டும். ‘ஸ்மூத்’ போட்டுப் பக்கம் வழுக்கிக்கொண்டு ஏறுவது அழகுதான். அபாய அறிவிப்பில் அந்த அழகு வேண்டாம் என்பேன். மலிவான போனில் அது திக்கித் திணறும், சிலருக்குத் தலையும் சுற்றும். பட்டன் கட்டைவிரல் எட்டுகிற கீழ் மூலையில், ஈர விரலுக்கும் தவறாத அளவில் இருக்கட்டும். அதன் மேல் அம்புக்குறி மட்டும் போதாது, ‘மேலே’ என்று தமிழிலும் எழுதுங்கள்.

இப்படி ஒரு பக்கத்தைச் செய்ய இங்கே ஆளில்லாமல் இல்லை. பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்துக்குக் கணினிப் பீடமே இருக்கிறது. சாதாரண தரத் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் தோட்டப் பிள்ளைகளும் எச்டிஎம்எல் படிக்கிறார்கள். பக்கத்தைச் செய்து முடித்ததும் ஒரு முறை திறந்து அடிவரை போங்கள். டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்திவிட்டு பட்டனை அழுத்துங்கள். தேதி கண்ணில் பட்டால் மட்டும் வெளியிடுங்கள்.