நிரந்தர ஆசனங்கள்

ஐக்கிய நாடுகளின் சாசனத்தில் 2-ஆவது விதி, அங்கத்தினர் நாடுகள் யாவும் தம்முள் சமம் என்று உரைக்கிறது. 23-ஆவது விதிக்கு வந்தால், அமெரிக்கா, பிரிட்டன், ருஷ்யா, பிரான்ஸ், சீனா என்னும் ஐந்து நாடுகள் மட்டும் பாதுகாப்புச் சபையில் என்றென்றைக்குமாக அமர்த்தப்பட்டிருக்கின்றன. 27-ஆவது விதியோ, இவ்வைந்தில் ஒன்று மறுத்தாலும் முக்கியத் தீர்மானம் எதுவும் நிறைவேறாது என்று விதிக்கிறது. முன்னே கூறிய சமத்துவம் எங்கே போயிற்று என்று வாசகர் வினவுவது நியாயமே.

சாசனம் எழுதப்பெற்ற காலம் 1945. யுத்தம் இன்னும் முடியவில்லை. முந்திய சர்வதேச சங்கத்தில் அமெரிக்கா சேரவே இல்லை. ஜப்பானும் ஜெர்மனியும் இத்தாலியும் வேண்டாதபோது வெளியேறின. படைபலம் உடையவர்களைக் கட்டி வைக்காத சங்கம் நிலைக்காது என்பதே அந்த அனுபவம் தந்த பாடம். ஆகவே பிப்ரவரியில் யால்டாவில் கூடிய மூன்று தலைவர்களும் தங்களுக்கு ரத்து அதிகாரத்தை உறுதி செய்துகொண்டனர். ஸான்பிரான்ஸிஸ்கோ மகாநாட்டில் சிறிய நாடுகள் முறையிட்டபோது, அமெரிக்க செனட்டர் கானலி சாசன நகலைக் கையால் கிழித்துக் காட்டி, ரத்து அதிகாரத்தை நீக்குவோர் செய்யப்போவது இதுவே என்றார். அதற்கு மேல் யார் என்ன பேச இயலும்?

அம்மகாநாட்டில் 1945 ஜூன் 26-இல் இந்தியாவின் சார்பில் கையொப்பமிட்ட இருவரும் தமிழர்கள். ஒருவர் ஸர் ஆற்காடு ராமசாமி முதலியார். மற்றவர் வாங்கல் வி. டி. கிருஷ்ணமாச்சாரியார், பரோடாவின் திவானாயிருந்தவர். முதலியார் பிறந்தது கர்நூலில்; ஆந்திர மண்ணில் குடியிருக்கும் நமக்கு அவர் அந்நியரல்லர். மறு ஆண்டு பொருளாதார சமூக சபையின் முதல் தலைவராகவும் அவர் தெரிந்தெடுக்கப்பட்டார். எனினும் இருவரும் சென்றது அடிமை இந்தியாவின் அரசாங்கம் அனுப்பி. அந்நகரத்திலேயே விஜயலக்ஷ்மி பண்டிதர், இவர்கள் இந்திய மக்களின் பிரதிநிதிகளல்லர் என்று முழங்கினார். அந்த யுத்தத்தில் சுமார் 25 லட்சம் இந்தியர் படையில் சேர்ந்திருந்தனர். 1940-இல் சரணடைந்த பிரான்ஸுக்கு ஆசனம் கிடைத்தது, நமக்கு இல்லை. பிரான்ஸுக்காகப் பேச பிரிட்டன் இருந்தது, சீனாவுக்காகப் பேச அமெரிக்கா இருந்தது. நமக்காக நாமே பேசும் நாள் இரண்டு ஆண்டுகள் பிந்தி வந்தது.

கதவு சாத்தப்பட்ட பின் திறவுகோல் உள்ளே இருப்பவர் கையில். 108-ஆவது விதிப்படி சாசனத்தைத் திருத்த மூன்றில் இரு பங்கு நாடுகள் இசைந்தால் மட்டும் போதாது; ஐவரும் இசைய வேண்டும். 1965-இல் சபையின் தொகை 11-இலிருந்து 15 ஆயிற்று, நிரந்தர ஆசனம் ஒன்றுகூட ஏறவில்லை. சீனாவின் ஆசனம் 1971-இல் பீகிங் அரசாங்கத்துக்கும், சோவியத் ஆசனம் 1991-இல் ருஷ்யாவுக்கும் கைமாறின. ஆனால் 23-ஆவது விதியில் பழைய பெயர்களே இன்னும் அச்சில் இருக்கின்றன. 2005-இல் இந்தியா, ஜப்பான், ஜெர்மனி, பிரேஸில் நான்கும் சேர்ந்து கேட்டும் பயனில்லை.

நிரந்தர ஆசனம் ஒன்று நமக்கும் உண்டு என்பதை நம்மவரில் அறிந்தோர் சிலரே. அது ஜினீவாவில், சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் நிர்வாக சபையில் இருக்கிறது. 1919-இல் அந்த ஸ்தாபனம் தோன்றியபோது, கைத்தொழிலில் தலைசிறந்த எட்டு நாடுகளுக்கு ஆசனம் ஒதுக்கினர். ஜாபிதாவில் சுவிட்சர்லாந்து இருந்தது, இந்தியா இல்லை. தொழிலாளர் தொகை, இயந்திரங்களின் குதிரைச் சக்தி, இருப்புப் பாதையின் நீளம் முதலியவற்றைப் பார்த்ததோடு, அவற்றை நாட்டின் பரப்பாலும் ஜனத்தொகையாலும் வகுத்தும் பார்த்தார்கள். வகுத்தால் சிறு நாடு ஏறும், பெரு நாடு இறங்கும். இது கணக்கின் குணம்.

இந்தியா மறுத்து வாதாடியது. இரண்டு கோடித் தொழிலாளர் இங்குள்ளனர். கப்பல்களில் உழைக்கும் லஸ்கர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். ரயில் பாதையின் நீளத்தில் அமெரிக்கா ஒன்றே நமக்கு மேற்பட்டது என்பன வாதங்கள். காட்பாடியிலிருந்து சித்தூர் வழியே பாகாலா செல்லும் பாதையும் அந்தக் கணக்கில் அடங்கியதே! 1922-இல் சர்வதேச சங்கத்தின் கவுன்சில் இந்தியாவை எண்மருள் ஒருவராக ஏற்றது. வாதாடியது பிரிட்டிஷ் ஆட்சியே. தன் பக்கம் ஒரு வாக்குக் கூடும் என்ற எண்ணமும் அதற்கு இருந்திருக்கும். இருந்தால் என்ன? தண்டவாளம் போட்டவன் நம் கூலிக்காரன்.

இந்த ஆசனத்தில் ரத்து அதிகாரம் கிடையாது. அரசாங்கப் பிரதிநிதிகளோடு முதலாளிகளும் தொழிலாளரும் அதே சபையில் அமர்ந்து வாக்களிக்கின்றனர். அதனால் விளைந்த நன்மை நம் வீட்டு வாசல் வரை வந்தது. 1919-இல் வாஷிங்டனில் நிறைவேறிய வேலை நேர உடன்படிக்கை இந்தியாவுக்கென்று வாரம் 60 மணி என்ற வரம்பைத் தனியே வகுத்தது. பொதுவாக வகுத்த வரம்போ 48 மணியே. அந்தக் குறையை மறைப்பதற்கில்லை. ஆயினும் 1930-இல் ரயில்வே சட்டம் திருத்தப்பட்டு, தொடர் வேலையினருக்கு அந்த 60 மணி வரம்பு சட்டமாயிற்று. அதற்கு முன் ஸ்டேஷனில் விடியும்வரை விழித்திருந்தவனுக்கு எந்தக் கணக்கும் இல்லை.

இன்று அந்த நிரந்தர ஆசனங்கள் பத்து. அவற்றை அடியோடு எடுத்துவிட 1986-இல் ஒரு திருத்தம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வர அப்பத்து நாடுகளுள் ஐந்தேனும் இசைய வேண்டும். முப்பது ஆண்டுகள் கழிந்தும் அந்த ஐந்து சேரவில்லை. தன் ஆசனத்தை விட முன்வந்து இசைந்த சிலருள் இந்தியா ஒன்று.