போன் 32ன்னு சொல்லுது, உடம்பு என்ன சொல்லுது?

இந்த வார எபிசோடில் ஸ்மார்ட் வாட்ச் பற்றிப் பேசும்போது, வெயிலில் ஓடுறதைப் பற்றி ரெண்டே நிமிஷம்தான் தொட்டோம். மிச்சக் கதை இங்கே.

2019 செப்டம்பர், தோஹா. உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மராத்தானை, வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் ஆரம்பிச்சாங்க. அப்பவும் வெப்பம் 32 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். ஓட ஆரம்பித்தவர்கள் 68 பேர். முடித்தவர்கள் 40 பேர்தான். அத்தனை பேரும் உலகத்தர வீராங்கனைகள். சூரியனே இல்லாத நேரத்தில் எப்படி இது?

ஓடும்போது தசை செலவழிக்கும் சக்தியில் சுமார் கால் பங்குதான் அசைவாக மாறும். மீதி முக்கால் பங்கு சூடு. அதை வெளியேற்ற நம்மிடம் இருக்கும் பெரிய ஆயுதம் வியர்வை. ஆனா வியர்த்தால் மட்டும் போதாது, அது ஆவியாகணும். காற்றே ஈரமாக இருந்தால் வியர்வை சொட்டிக் கீழே விழும், அவ்வளவுதான். தண்ணியும் போச்சு, சூடும் போகலை. இதில் ரத்தம் தசைக்கும் போகணும், சூட்டை இறக்கத் தோலுக்கும் போகணும். அதனால்தான் அதே வேகத்தில் ஓடினாலும் வாட்ச்சில் இதயத் துடிப்பு ஏறிக்கிட்டே போகுது.

போனில் வரும் டிகிரி, நிழலில் இருக்கும் காற்றின் வெப்பம். அமெரிக்காவில் பயன்படும் ஹீட் இண்டெக்ஸ் ஈரப்பதத்தையும் சேர்த்துக்கும். ஆனா அது நிழலில் நடந்து போகும் ஆளுக்கான கணக்கு. மதியம் தார் ரோட்டில் ஓடுற ஆளுக்கு இல்லை.

ஓடுறவங்களுக்குப் பொருத்தமான எண் வேறே இருக்கு: 'வெட் பல்ப் குளோப் டெம்பரேச்சர்'. 1950களில், பயிற்சியில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் வெப்பத்தில் சுருண்டு விழுவதைத் தடுக்க உருவாக்கியது. மூணு தெர்மாமீட்டர் போதும். ஈரத்துணி சுற்றியது ஈரப்பதத்தைச் சொல்லும். கறுப்பு உருண்டைக்குள் இருப்பது வெயிலைச் சொல்லும். மூணாவது சாதாரணக் காற்றை அளக்கும். முதலாவதுக்கு 70 சதவீதம், ரெண்டாவதுக்கு 20, மூணாவதுக்கு வெறும் 10. அதாவது, நாம தினமும் பார்க்கும் எண்ணுக்குத்தான் இங்கே மதிப்பு ரொம்பக் கம்மி!

ஒரு கணக்கு: ஈரத்துணி 27, உருண்டை 45, காற்று 33 என்றால் விடை 31.2. சிங்கப்பூரில் 2023 முதல் அரசே இந்த எண்ணை வைத்து அறிவுரை சொல்லுது. 31க்குக் கீழே குறைவான ஆபத்து, 31 முதல் 33க்குள் நடுத்தரம், 33ம் அதற்கு மேலும் அதிகம். மைஎன்வி ஆப்பில் யாரும் பார்க்கலாம்.

இப்போ நம்ம வீட்டு வசனம்: "நாங்க தமிழாக்கள், வெயில் எங்களுக்குப் பழக்கம்." அம்மா அப்பாவுக்கு அது உண்மையா இருந்திருக்கலாம். டொரன்டோவிலோ ஒஸ்லோவிலோ வளர்ந்த உங்களுக்கு இல்லை. வெப்பப் பழக்கம் பரம்பரைச் சொத்து இல்லை. ஒன்று முதல் ரெண்டு வாரம் வெயிலில் உழைத்தால் வரும், சில வாரம் விட்டால் போயிடும். லீவுக்கு யாழ்ப்பாணமோ சென்னையோ போய் இறங்கிய மறுநாளே பத்து கிலோமீட்டர் ஓடப் போறீங்கன்னா, உங்க உடம்பைப் பொறுத்தவரை நீங்களும் வெள்ளைக்கார டூரிஸ்ட்தான்.

அதனால் முதல் வாரம் பாதி தூரம், விடியற்காலை, நிழல். வேகத்தைப் பார்க்காம, இதயத் துடிப்பைப் பார்த்து ஓடுங்க.

கூட ஓடுறவர் தடுமாறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, "கொஞ்சம் உட்காருடா, சரியாயிடும்" என்று விடாதீங்க. அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். ஆம்புலன்சைக் கூப்பிட்டுட்டு, அது வரும் வரை காத்திருக்காமல் உடனே குளிர்விக்கணும். குளிர்ந்த தண்ணித் தொட்டியில் கழுத்துவரை இறக்குவதுதான் சிறந்தது. தலை மூழ்காம ஒருவர் பிடிச்சுக்கணும். தொட்டி இல்லையா? பைப் தண்ணி, ஈரத்துணி, ஐஸ், விசிறி, எது கிடைச்சாலும் சரி. நினைவு தெளிவாக இல்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்காதீங்க.

உங்க ஊர் வானிலை ஆப் இந்த எண்ணைக் காட்டுதா? தேடிப் பார்த்து இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. அடுத்த எபிசோடில் படிக்கிறோம்.