பிஎச்.டி. சேர்ந்தால் மாதம் ரூ.37 ஆயிரமா? யாருக்கு கிடைக்கும், யாருக்கு கிடைக்காது?

அருப்புக்கோட்டை:

"பிஎச்.டி. சேர்ந்தா மாசாமாசம் பணம் குடுப்பாங்களாமே!"

அருப்புக்கோட்டை, திருச்சுழி பகுதியில் எம்.ஏ., எம்.எஸ்சி. முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. தறி வேலை, மில் வேலை, மானாவாரி விவசாயம் என்று பிழைக்கும் குடும்பங்களில் மேற்கொண்டு 5 வருடம் பிள்ளையை படிக்க வைப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. பணம் வரும் என்றால் 'சரி, படி' என்பார்கள். வராது என்றால் 'ஏதாவது வேலைக்குப் போ' என்பார்கள்.

ஆனால் சேர்ந்த பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது. ஒரே துறை, ஒரே வழிகாட்டி பேராசிரியர். ஒருவருக்கு மாதம் ரூ.37 ஆயிரம். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு ஒரு பைசா கூட இல்லை. ஏன் இந்த வித்தியாசம்? இதுபற்றிய விவரம் வருமாறு:-

சீட் வேறு, பணம் வேறு

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். பிஎச்.டி. இடத்தை கொடுப்பது பல்கலைக்கழகம். உதவித்தொகையை கொடுப்பது பெரும்பாலும் வேறு ஒருவர்: மத்திய அரசின் பல்கலைக்கழக மானியக்குழு (யு.ஜி.சி.), அறிவியல் தொழில் ஆராய்ச்சி கவுன்சில் (சி.எஸ்.ஐ.ஆர்.), மத்திய சமூகநீதி அமைச்சகம் அல்லது மாநில அரசு. அதனால் சீட் கிடைத்துவிட்டது என்பதற்காக பணம் தானாக வந்து சேராது. அதற்கு தனி தேர்வு, தனி விண்ணப்பம், தனி காலக்கெடு உண்டு.

விருதுநகர் மாவட்ட கலை அறிவியல் கல்லூரிகள் மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அருப்புக்கோட்டை தேவாங்கர் கலைக் கல்லூரி, சைவபானு சத்திரிய கல்லூரி ஆகியவையும் இதில் அடக்கம். 1966-ல் தொடங்கிய இந்த பல்கலைக்கழகம், 2023, 2024-ம் ஆண்டுகளில் ஊழியர்களுக்கு சம்பளம், ஓய்வூதியம் கொடுக்கவே திணறியது. ஊழியர்கள் போராட்டம் நடத்தினார்கள். இப்படிப்பட்ட நிலையில் பல்கலைக்கழகம் தன் சொந்த பணத்தில் எல்லா ஆய்வு மாணவர்களையும் தாங்கும் என்று நம்பி இறங்க முடியாது.

பெரிய வாசல் 'நெட்'

கைநிறைய பணம் வரும் வழி, நெட் தேர்வில் ஜே.ஆர்.எப். தகுதி பெறுவதுதான். தமிழ், வரலாறு, பொருளாதாரம், வணிகவியல் போன்ற பாடங்களுக்கு யு.ஜி.சி. நெட். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிர் அறிவியலுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட். யு.ஜி.சி. நெட் வழக்கமாக ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு 2 முறை நடக்கும்.

தொகை விவரம்: முதல் 2 ஆண்டுகள் மாதம் ரூ.31 ஆயிரம் என்று இருந்தது, 1.1.2023 முதல் ரூ.37 ஆயிரம் ஆனது. 2 ஆண்டு முடிந்ததும் நிபுணர் குழு ஆய்வை மதிப்பிடும். திருப்தி என்றால் முதுநிலை ஆய்வாளர் ஆகலாம். அப்போது மாதம் ரூ.42 ஆயிரம். மொத்தம் 5 ஆண்டுகள். விடுதி இடம் கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படியும் உண்டு. புத்தகம், பயணம் போன்ற செலவுகளுக்கு ஆண்டுதோறும் தனியாக ஒரு தொகை வரும்.

ரூ.37 ஆயிரம் என்றால் ஆண்டுக்கு ரூ.4 லட்சத்து 44 ஆயிரம். வீட்டில் கை ஏந்தாமல் படிப்பதோடு, வீட்டுக்கும் கொஞ்சம் கொடுக்கலாம்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'நெட் பாஸ்' என்றாலே பணம் வரும் என்று நினைக்கிறார்கள். அப்படி அல்ல. 2024 ஜூன் தேர்வில் இருந்து நெட் முடிவு 3 வகையாக வருகிறது. ஒன்று, ஜே.ஆர்.எப். மற்றும் உதவிப் பேராசிரியர் தகுதி. இரண்டு, உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கை தகுதியும். மூன்று, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். இதில் முதல் வகைக்குத்தான் ரூ.37 ஆயிரம். மற்ற இரண்டும் பல்கலைக்கழக கதவை திறக்கும், பணப்பெட்டியை திறக்காது.

வயதையும் பார்க்க வேண்டும். யு.ஜி.சி. ஜே.ஆர்.எப்.-க்கு பொதுவான உச்ச வரம்பு 30. பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு 5 ஆண்டு வரை சலுகை உண்டு. 'ரெண்டு வருஷம் வேலை பார்த்துட்டு அப்புறம் எழுதலாம்' என்று தள்ளிப்போடுபவர்கள் இதை மறக்கக்கூடாது.

நெட் எழுதியவர்களுக்கு இன்னொரு வழி

ஜே.ஆர்.எப். கட்-ஆப் மார்க்கில் கொஞ்சத்தில் தவறியவர்களுக்கும் வழி இருக்கிறது. எஸ்.சி. மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகையில் ஆண்டுக்கு 2 ஆயிரம் இடங்கள். இதர பிற்படுத்தப்பட்டோருக்கு ஆயிரம் இடங்கள். எஸ்.டி. மாணவர்களுக்கு தனியாக 750 இடங்கள். தொகை ஏறக்குறைய ஜே.ஆர்.எப். அளவுதான்.

எஸ்.சி., ஓ.பி.சி. திட்டங்களில் நெட் மதிப்பெண் வரிசைப்படியே ஆள் எடுக்கிறார்கள். எனவே நெட் விண்ணப்பத்தில் சாதிப் பிரிவை சரியாக குறிப்பிடுவது முக்கியம். ஓ.பி.சி. என்றால் கிரீமிலேயர் அல்லாதவர் என்ற மத்திய அரசு படிவ சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். மாநில அரசின் சாதி சான்றிதழ் மட்டும் போதாது.

சிறுபான்மை மாணவர்களுக்கு இருந்த மவுலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை 2022-23 முதல் மத்திய அரசு நிறுத்திவிட்டது. ஏற்கனவே பெற்று வந்தவர்களுக்கு மட்டும் காலம் முடியும் வரை தொடர்ந்தது. பழைய தகவலை நம்பி யாரும் ஏமாற வேண்டாம்.

மாநில அரசு தருவது என்ன?

தமிழக அரசின் முதல்-அமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை திட்டத்துக்கு 2023-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் தகுதித்தேர்வு நடத்தியது. கலைப்பிரிவில் 60 பேர், அறிவியல் பிரிவில் 60 பேர், ஆக மொத்தம் 120 பேருக்கான திட்டம் இது. தொகை மாதம் ரூ.25 ஆயிரத்தில் தொடங்கும். அரசு பல்கலைக்கழகம், அரசு கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி ஆகியவற்றில் முழுநேரமாக ஆய்வு செய்பவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். சுயநிதி கல்லூரி மாணவர்களுக்கு கிடையாது.

ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை, முழுநேர பிஎச்.டி. படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவ ஆதிதிராவிடர் மாணவ-மாணவிகளுக்கு ஆண்டுக்கு ரூ.1 லட்சம் ஊக்கத்தொகை வழங்கும் திட்டத்தை நடத்துகிறது. கணக்குப் போட்டால் மாதம் சுமார் ரூ.8,300. பஸ், சாப்பாடு, ஜெராக்ஸ் செலவுக்கு தாங்கும்.

ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் 2 அரசு உதவித்தொகைகளை வாங்க முடியாது. பெரியது கிடைத்தால் சின்னதை விட்டுவிட வேண்டும்.

அந்த ரூ.8 ஆயிரம் நமக்கு இல்லை

"நெட் இல்லாட்டியும் 8 ஆயிரம் உண்டு" என்று சிலர் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் மத்திய பல்கலைக்கழகங்களில் மட்டும். 2006-ல் தொடங்கிய திட்டம் அது. 2012-ல் பிஎச்.டி.க்கு மாதம் ரூ.8 ஆயிரம் ஆனது. 2015 அக்டோபரில் இதை நிறுத்த யு.ஜி.சி. முடிவு செய்தபோது டெல்லியில் அதன் அலுவலகம் முன்பு மாணவர்கள் நாள் கணக்கில் போராட்டம் நடத்தினார்கள். அதன்பிறகு திட்டம் தப்பியது. ஆனால் காமராஜர் பல்கலைக்கழகம் போன்ற மாநில பல்கலைக்கழகங்கள் இதற்குள் வராது. ஐதராபாத்தில் படிப்பவருக்கு கிடைப்பது மதுரையில் படிப்பவருக்கு கிடைக்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

உதவியாளர் வேலைக்கு சம்பளம் உண்டா?

ஆய்வு மாணவர்களை வகுப்பு எடுக்க, லேப் பார்க்க, விடைத்தாள் திருத்த கூப்பிடுவது பல இடங்களில் வழக்கம். இதற்கு விதி என்ன சொல்கிறது?

2022 நவம்பர் 7-ந்தேதி யு.ஜி.சி. வெளியிட்ட பிஎச்.டி. விதிமுறைகளின்படி, ஆய்வு மாணவர்களுக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் வரை கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் பணி ஒதுக்கலாம். மணி நேரத்தை சொன்ன விதி, அதற்கு இவ்வளவு ரூபாய் கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆக, உதவித்தொகை இல்லாத மாணவருக்கும் வேலை வரலாம், சம்பளம் வராமலும் போகலாம்.

ஐ.ஐ.டி.களில் கதை வேறு. அங்கே வாரம் 8 மணி நேரம் உதவியாளர் பணி, அதற்கு சேர்த்துத்தான் மாத உதவித்தொகை. 'கேட்' தேர்வு எழுதி எம்.டெக். சேர்பவர்களுக்கு மாதம் ரூ.12,400. பிஎச்.டி. மாணவர்களுக்கு ஜே.ஆர்.எப். அளவிலான தொகை.

அமெரிக்க பல்கலைக்கழகங்களில் உதவியாளர் பணி கிடைத்தால் பெரும்பாலும் கல்விக்கட்டணமும் தள்ளுபடி. வெளிநாட்டு மாணவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக்கூடாது. அங்கேயும் பணம் பற்றாமல் 2022 நவம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்கள் உள்பட 48 ஆயிரம் பேர் வேலைநிறுத்தம் செய்து சம்பள உயர்வு வாங்கினார்கள்.

இங்கே அந்த அளவுக்கு போக வேண்டியதில்லை. வாரம் 6 மணி நேரத்துக்கு மேல் வேலை வந்தால், விதியை மரியாதையாக எடுத்துச் சொல்ல மாணவர்களுக்கு உரிமை இருக்கிறது.

பகுதி நேரம் என்றால் பணம் இல்லை

நம்ம ஊரில் அதிகம் நடப்பது இது. தனியார் பள்ளி அல்லது கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக பதிவு செய்வார்கள். வீட்டு நிலைமைக்கு அது சரியான முடிவாகக்கூட இருக்கலாம். ஆனால் மேலே சொன்ன உதவித்தொகைகள் முழுநேர மாணவர்களுக்கு மட்டுமே. உதவித்தொகை வாங்கிக்கொண்டு இன்னொரு இடத்தில் சம்பளமும் வாங்கினால், கண்டுபிடிக்கப்படும்போது வாங்கிய தொகையை திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

காலமும் ஓடிக்கொண்டே இருக்கும். பிஎச்.டி.க்கு குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் ஊனம் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் 2 ஆண்டு சலுகை. ஆய்வுக் காலத்தில் பெண்களுக்கு 240 நாட்கள் வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பும் உண்டு. கல்யாணம் ஆகிவிட்டது என்பதற்காக படிப்பை பாதியில் விட வேண்டிய கட்டாயம் இல்லை.

பணம் தாமதம் ஆனால்?

அரசு உதவித்தொகை 1-ந்தேதி சம்பளம் மாதிரி வராது. மாணவர் வருகிறார், ஆய்வு நடக்கிறது என்று கல்வி நிறுவனம் இணையதளத்தில் உறுதி செய்தால்தான் பணம் வங்கிக் கணக்குக்கு போகும். அலுவலகத்தில் அந்த மாதம் விட்டுப்போனால் பணமும் நிற்கும். மேலிடத்திலேயே நிற்பதும் உண்டு. மவுலானா ஆசாத் உதவித்தொகை பெற்றவர்கள் 2025-ல் மாதக்கணக்கில் பணம் வராமல் தவித்தார்கள். எனவே கையில் 3, 4 மாத செலவுக்கு ஏற்பாடு இல்லாமல் வாடகை வீடு பிடிப்பது ஆபத்து.

சேரும் முன் கேட்க வேண்டியவை

* எனக்கு பொருந்தும் உதவித்தொகை எது? கடைசி தேதி எப்போது?

* இந்த கல்லூரி அரசு உதவி பெறுவதா, சுயநிதியா? என் துறைக்கு ஆய்வு மைய அங்கீகாரம் உண்டா?

* வழிகாட்டியிடம் நிதியுடன் கூடிய ஆய்வுத்திட்டம் ஏதும் இருக்கிறதா? அதில் சம்பளத்துடன் ஆய்வாளர் பணி உண்டா?

* உதவியாளர் வேலை உண்டா? வாரம் எத்தனை மணி நேரம்? பணம் உண்டா?

* ஆண்டு கட்டணம், ஆய்வேடு சமர்ப்பிக்கும் கட்டணம் மொத்தம் எவ்வளவு?

* சேர்ந்த பிறகு ஜே.ஆர்.எப். கிடைத்தால், பகுதி நேரத்தில் இருந்து முழு நேரத்துக்கு மாற முடியுமா?

இதில் 3-வது கேள்வியை பலர் கேட்பதே இல்லை. கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இதுபோன்ற ஆராய்ச்சி நிலையங்களிலும் பல்கலைக்கழக துறைகளிலும் ஆய்வுத்திட்டங்களுக்கு அவ்வப்போது தற்காலிக ஆய்வாளர்களை எடுப்பார்கள். அறிவிப்புகளை பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்குத்தான் அது கிடைக்கும்.

மழையை நம்பி விதைக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விதைக்கும் முன் மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது போல, பதிவு செய்யும் முன் பணம் எங்கிருந்து வரும் என்று பார்த்துவிட வேண்டும். முதுகலை 2-ம் ஆண்டிலேயே நெட் எழுதலாம். ரிசல்ட் வரும் வரை காத்திருக்காமல், இப்போதே புத்தகத்தை எடுப்பது நல்லது.