சோலூர் மலையில் ஒரு வள்ளம்

"வள்ளமா? இந்த ஊர்லயா? தண்ணி எங்க சார்?"

பிளைவுட் கணக்குப் பார்க்க வந்த ஆசாரி கேட்ட முதல் கேள்வி இது. கதவு, ஜன்னல், சமையலறை அலமாரி என்று முப்பது வருஷமாக வேலை செய்கிறவர். அவர் கேட்டது நியாயம். வீட்டில் படகு கட்ட நினைக்கிற எவரும் மரத்துக்கும் மோட்டாருக்கும் முன்னால் இந்தக் கேள்விக்குத்தான் பதில் வைத்திருக்க வேண்டும்.

ஊட்டி பக்கத்துச் சோலூரில் தண்ணீருக்குக் குறைவில்லை. பைக்காரா பக்கத்தில்தான் இருக்கிறது. கிளன்மார்கனிலிருந்து மலைச்சரிவில் குழாய் வழியே சிங்காராவுக்கு இறங்கும் தண்ணீர் 1930களிலிருந்து மின்சாரம் தருகிறது. ஆனால் அத்தனையும் மின்வாரியத்தின் பொறுப்பில் உள்ள நீர். பைக்காரா படகுத்துறையில் மோட்டார் படகு ஓடுகிறது என்பதற்காக நாமும் ஒன்றைக் கட்டி இறக்கிவிட முடியாது. ஆகவே என் படகு இங்கே பிறந்து, குமரி மாவட்டத்து மணக்குடிக் காயலில் மிதக்கப்போகிறது. உறவுக்காரர்கள் அந்தக் கரையில் இருக்கிறார்கள். காயல் ஆழமில்லாதது, அலை குறைவு. அதனால் அடி தட்டையான படகு போதும். வீட்டு வண்டிக்கொட்டகையின் நீளம் 16 அடி. சுற்றி நின்று வேலை செய்ய இடம் வேண்டும், குன்னூர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் சின்ன லாரியில் இறக்கவும் வேண்டும். ஆகவே படகின் நீளம் 14 அடி. தண்ணீர், கொட்டகை, சாலை மூன்றும் சேர்ந்து பாதி வரைபடத்தைப் போட்டுக்கொடுத்துவிட்டன.

மலையில் இருந்துகொண்டு படகைப் பற்றி யோசிப்பது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் கடலுக்கும் இந்த மலைக்கும் பழைய உறவு உண்டு. சோலூரிலிருந்து பைக்காரா, நடுவட்டம், கூடலூர், நாடுகாணி என்று இறங்கினால் நிலம்பூர். 1840களில் மலபார் கலெக்டர் கனோலி அங்கே தேக்குத் தோட்டம் போட ஏற்பாடு செய்தார். நின்று நட்டு வளர்த்தவர் சாத்து மேனன். கப்பல் கட்ட மரம் வேண்டும் என்பதே நோக்கம். நிலம்பூரை ஒட்டி ஓடும் சாலியாறு கடலில் சேருமிடம் பேப்பூர். உரு என்கிற பெரிய மரக்கலங்களைத் தாளில் வரைபடமே இல்லாமல் மூத்த மேஸ்திரியின் மனக்கணக்கில் கட்டும் ஊர் அது. தலைமுறை தலைமுறையாகக் கையில் ஏறிய கணக்கு. நம்மிடம் அது இல்லை. அதனால் நமக்குத் தாள் வேண்டும், பென்சில் வேண்டும், நிறையப் பொறுமை வேண்டும்.

வீட்டில் கட்டுகிறவருக்குப் பேப்பூரைவிட முட்டம்தான் நல்ல ஆசான். குமரிக் கடற்கரையில் கட்டுமரத்துக்கும் குடைந்த வள்ளத்துக்கும் ஏற்ற பெரிய மரங்கள் அரிதாகி, விலையும் ஏறிப்போன காலம். 1970களில் கோட்டாறு சமூக சேவைச் சங்கம் முட்டத்தில் ஒரு படகு கட்டும் மையத்தை நடத்தியது. பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே அங்கே மீனவர்களோடு உட்கார்ந்து பிளைவுட் படகுகளை உருவாக்கினார். அந்த அனுபவத்தை 1985இல் புத்தகமாக எழுதியபோது அவர் வைத்த தலைப்பு 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்'. சிறியதே அழகு என்று ஷூமாக்கர் எழுதி உலகம் கொண்டாடிய காலத்தில், சிறியது கடினம் என்று சொன்னார். படகைக் கட்டுவது ஒரு பங்கு வேலை. அதை அலை ஏற்க வேண்டும், மீனவர் ஏற்க வேண்டும், விலை கட்டுப்படியாக வேண்டும். பின்னாளில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு தன் படகுத்தளங்களில் பிளைவுட் வள்ளங்களைக் கட்டிக் கரையெங்கும் கொடுத்தது. இன்று ஃபைபர் படகு அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. ஆனால் கொட்டகையில் ஒற்றை ஆளாக ஒரே ஒரு படகு கட்டுகிறவருக்கு அச்சு தேவைப்படும் ஃபைபர் படகு உதவாது. முட்டத்துப் பிளைவுட்தான் உதவும்.

முறை எளிது. பிளைவுட்டை வரைபடப்படி வெட்டி, விளிம்பு நெடுகச் சின்னத் துளை போட்டு, செம்புக் கம்பியால் துணி தைப்பதுபோல் இரண்டு பலகைகளைச் சேர்த்து முறுக்க வேண்டும். தட்டையாகக் கிடந்த பலகைகள் தையல் இறுக இறுகத் தாமே வளைந்து படகின் உருவத்துக்கு வரும். உள்மூலையில் எபாக்ஸியும் மரத்தூளும் குழைத்த பசையைப் பூசி, அதன்மேல் கண்ணாடி இழை நாடாவை ஒட்டி, காய்ந்ததும் கம்பியை நறுக்கிவிடலாம். இங்கிலாந்தில் 1960களின் தொடக்கத்தில் டெய்லி மிரர் பத்திரிகை தன் வாசகர்களுக்காக இதே வழியில் ஒரு பாய்மரப் படகை வெளியிட்டது. பேரி பக்னெல், ஜாக் ஹோல்ட் இருவரின் வடிவமைப்பு. எழுபதாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டன. அவற்றில் பல சாதாரண வீடுகளின் கார் ஷெட்டில் பிறந்தவை. நமக்கு இது புதிதே இல்லை. சென்னைக் கரையில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களைச் சுமந்த மசூலா படகு ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த படகுதான். அலை மோதும்போது ஆணி அடித்த படகு உடையும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும்.

இனி எடை. இதில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன். எட்டுக்கு நாலு அடி பிளைவுட் 9 மில்லிமீட்டர் கனத்தில் ஏறக்குறைய 19 கிலோ, 6 மில்லிமீட்டரில் 12.5 கிலோ. அடிப்பகுதிக்கு 9 மி.மீ. இரண்டு, பக்கங்களுக்கும் இருக்கைகளுக்கும் 6 மி.மீ. மூன்று. சட்டம், பின்பலகை, பசை எல்லாம் சேர்த்தால் வெறும் படகு 120 கிலோ. மூன்று பேர் 210 கிலோ. சின்ன அவுட்போர்டு மோட்டாரும் எரிபொருளும் 50 கிலோ. நங்கூரம், துடுப்பு, சாப்பாட்டுப் பை 20 கிலோ. மொத்தம் 400 கிலோ. 400 கிலோ மிதக்க 400 லிட்டர் தண்ணீரை விலக்க வேண்டும் என்பது ஆர்க்கிமிடீஸ் சொன்ன கணக்கு. என் படகின் அடிப்பரப்பு சுமார் மூன்றரை சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் படகு 11 செ.மீ. தாழும், நாலரை அங்குலத்துக்கும் குறைவு. பக்க உயரம் 20 அங்குலம் வைத்தால் தண்ணீருக்கு மேல் 15 அங்குலம் மிச்சம். இந்த ஒரு கணக்கைப் போட்ட ராத்திரிதான் படகு கட்ட முடியும் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

மோட்டார் விஷயத்தில் ஆசை நம்மை ஏமாற்றும். தண்ணீரைக் கிழித்துப் போகிற படகுக்கு அதன் நீளமே வேக எல்லை. தான் எழுப்பும் அலையிலேயே அது சிக்கிக்கொள்ளும். 14 அடிப் படகுக்கு அந்த எல்லை மணிக்கு 9 கிலோமீட்டர் அளவில். அதற்கு ஐந்து குதிரைத்திறனே தாராளம். அதைத் தாண்டித் தண்ணீரின் மேல் வழுக்கிப் பறக்க வேண்டுமானால் பெரிய மோட்டார், அதைத் தாங்கும் கனமான பின்பலகை, கூடுதல் எரிபொருள் என்று எடை ஏறிக்கொண்டே போகும். காயலில் மீன் பார்க்கப் போகிறவருக்கு அது எதற்கு? மலைக்காரர்களுக்கு இன்னொரு சேதி. 300 மீட்டர் உயரத்துக்கு சுமார் மூன்று சதவீதம் என்று எஞ்சினின் பலம் குறையும். 2240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் ஓட்டிப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கைக் காணோம். இங்கே சோர்ந்த மோட்டாரை நம்பிப் பெரியது வாங்கிவிடக் கூடாது, காயல் கரையில் அதுவே துள்ளும்.

மரம் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக்கைக் காட்டுகிறார்கள், சீகையையும் தைலமரத்தையும் காட்டுகிறார்கள். மலைப்பகுதியில் மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டின் மரப்பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் இவை எனக்கு வேண்டாம். தைலமரம் முறுக்கிப் பிளக்கும். சில்வர் ஓக் ஈரத்தில் நெடுநாள் தாங்காது. சட்டங்களுக்கு அயினி அல்லது தேக்கு வாங்குவதே புத்திசாலித்தனம், தேவைப்படுவது கொஞ்சம்தான். பிளைவுட்டில் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்க வேண்டும். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் ஒட்டுப் பிரியாத மரைன் பிளைவுட் அது. ஐ.எஸ். 303 முத்திரை அலமாரிக்குச் சரி, படகுக்குப் போதாது. கடையில் எல்லாமே வாட்டர் ப்ரூஃப் என்றுதான் சொல்வார்கள். நான் இரண்டு கடைகளிலிருந்து துண்டு வாங்கி வந்து நாள் முழுக்கக் குக்கரில் வேகவைத்தேன். முதல் கடைத் துண்டு மாலைக்குள் ஏடு ஏடாகக் கழன்றது. இரண்டாவது கடைத் துண்டு நின்றது.

எபாக்ஸிக்கு எங்கள் ஊர்க் குளிர் ஆகாது. பத்து டிகிரிக்குக் கீழே அது சரியாக இறுகாது. மூடுபனி படிந்தால் மேலே பிசுபிசுப்பாக ஒரு படலம் கட்டும், அதைக் கழுவித் தேய்க்காமல் அடுத்த பூச்சு ஒட்டாது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி. ஜூன் பிறந்தால் தென்மேற்கு மழை, ஐப்பசியில் அடுத்த மழை. ஆக ஒட்டும் வேலைக்கு மாசியிலிருந்து வைகாசி வரைதான். அதற்கு முந்தைய மாதங்கள் வரைவதற்கும் வெட்டுவதற்கும்.

மோட்டார் பொருத்தினால் பதிவு, சோதனை எல்லாம் உண்டு. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்திருக்கிறது. முதல் பலகையை வெட்டும் முன்பே, படகு மிதக்கப்போகிற மாவட்டத்து அலுவலகத்தில் வரைபடத்தோடு போய்க் கேட்டுவிடுவது நல்லது.

வரைபடத்தை நானே கற்பனையில் போடவில்லை. ஐ.நா. உணவு வேளாண் அமைப்புக்காகக் குல்பிராண்ட்சென் எழுதிய கையேட்டில் 5.2 மீட்டரிலிருந்து 8.5 மீட்டர் வரை நான்கு படகுகளின் விவரம் முழுவதுமாக இருக்கிறது. அவர் சென்னையில் இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்திலும் வேலை செய்தவர். அந்தப் படகுகள் எனக்குப் பெரியவை. ஆனால் பலகை இணைப்பு, சட்டத்தின் கனம் எல்லாவற்றையும் அதில்தான் படித்தேன். என் அளவுக்கு ஏற்ற தட்டை அடிப் படகின் வரைபடத்தை விலைக்கு வாங்கினேன். பத்தில் ஒரு பங்கு அளவில் அட்டையில் வெட்டித் தைத்துப் பார்த்தேன். மூன்றாவது அட்டைப் படகுதான் நேராக வந்தது. அதைப் பார்த்த பிறகு ஆசாரி, "இதுல ஒரு நேர்கோடு கூட இல்லையே சார்" என்று சிரித்தார். மறுநாள் தானே பென்சிலோடு வந்துவிட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வெயிலுக்கு மேலே ஒரு கூரை போடலாமே, பக்கத்தை ஆறு அங்குலம் உயர்த்தினால் நாலு பேர் கூட உட்காரலாமே என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். 2023 மே 7ஆம் தேதி மாலை மலப்புறம் மாவட்டம் தானூரில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். மீன்பிடிப் படகை இரண்டடுக்குச் சுற்றுலாப் படகாக மாற்றியிருந்தார்கள், அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். எடை மேலே ஏற ஏறப் படகு நிமிரும் சக்தியை இழக்கும். கரையில் கட்டியிருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. எல்லாரும் ஒரு பக்கம் நகரும் நொடியில்தான் தெரியும்.

ஆகவே படகு கட்ட நினைக்கும் நண்பர்களே, தேர்ந்த வரைபடத்தை வாங்குங்கள், வாங்கிய பின் அதில் எதையும் கூட்டாதீர்கள். இருக்கைக்கு அடியில் காற்றுப் புகாத அறைகள் வையுங்கள். தெர்மாகோலை அடைக்காதீர்கள், பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும். எத்தனை பேர், எத்தனை கிலோ என்று பின்பலகையில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மோட்டார் வாங்குவதற்கு முன்பே அத்தனை பேருக்கும் லைஃப் ஜாக்கெட் வாங்கிவிடுங்கள். என் கொட்டகையில் இன்னும் ஒரு பலகைகூட வெட்டவில்லை. மூன்று ஜாக்கெட்டுகள் ஆணியில் தொங்குகின்றன.