குறும்பியை யார் எடுப்பது?

போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் தூக்கும் கிரேன்களுக்கு இரவு பகல் கிடையாது; அவற்றின் இரைச்சலுக்கும்தான். மலேசியாவில் 2019-இல் வந்த இரைச்சல் விதிமுறைப்படி, நாளின் சராசரி இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டும் இடத்தில் வேலை செய்பவருக்கு ஆண்டுதோறும் செவித்திறன் சோதனை கட்டாயம். காதில் குறும்பி அடைத்திருந்தால் அந்தச் சோதனையின் கணக்கே பிசகிவிடும். இதில் ஒரு வேடிக்கை: இரைச்சலுக்குப் பயந்து செருகும் இயர்பிளக்கே சிலருக்குக் குறும்பியை உள்ளே தள்ளிவிடுகிறது.

குறும்பி அழுக்கல்ல. காதுக்குழாயின் வெளிப்பகுதியில் சுரந்து, தூசியைப் பிடித்து, தானாக வெளியே நகர்ந்து உதிர்ந்துவிடும். நாம்தான் விடுவதில்லை. காட்டன் பட், கொண்டை ஊசி, மோட்டார் சைக்கிள் சாவி, கோழி இறகு என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் விட்டுக் குடைகிறோம். குழாயின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அதன் முடிவில் செவிப்பறை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் ஸ்பாக்கள் சிலவற்றில் குறும்பி எடுப்பதாகச் சொல்லிக் காதில் மெழுகுக்குழாய் செருகிக் கொளுத்துவார்கள். எரிந்து முடிந்ததும் பிரித்துக் காட்டும் மஞ்சள் கசடு அந்த மெழுகுவத்தியுடையதுதான். தீக்காயம், செவிப்பறைக் கிழிசல் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010-லேயே எச்சரித்துவிட்டது. காசு கொடுத்து வாங்க வேண்டிய வினையா இது?

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். டாக்டர் முதலில் விளக்கடித்துப் பார்ப்பார். இறுகியிருந்தால் இளக்க சில நாள் சொட்டு மருந்து. பிறகு உடல் சூட்டுக்கு இணையான நீரைப் பீய்ச்சிக் கழுவுவார்கள். நீர் சில்லென்றோ சூடாகவோ இருந்தால் தலை சுற்றும். காது மூக்கு தொண்டைப் பிரிவில் மைக்ராஸ்கோப் வழியே பார்த்துக்கொண்டே மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பார்கள். சத்தம் கேட்கும், வலி அதிகம் இருக்காது.

செவிப்பறையில் ஓட்டையோ, காதில் பழைய அறுவை சிகிச்சையோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நீர் பீய்ச்சக் கூடாது. இனிப்புநீர் உள்ளவர்களும் மறைக்கக் கூடாது. அவர்களுக்குக் காதில் படும் சிறு கீறல்கூட எலும்புவரை பரவும் தொற்றாகலாம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நம் வீடுகளில் இது யாரோ ஒருவர் கதையல்ல.

குறும்பி போனபின்னும் காது மந்தமாகவே இருந்தால் செவித்திறன் சோதனைக்குப் போகவேண்டியதுதான். ஒரே நாளில் ஒரு காது திடீரென்று அடங்கிப்போனால் மட்டும் குறும்பி என்று சொட்டு விட்டுக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.