காலில் தைத்த முள்

கல்வராயன் மலையடியில், கோமுகி ஆற்று நீர் பாயும் வடக்கனந்தல் வயலில் உழைப்பவர் காலில் கருவேல முள் தைக்கிறது. முள்ளுடன் கிருமிகளும் உட்புகுகின்றன. சிறிது நேரத்தில் அவ்விடம் சிவந்து, வீங்கி, வெப்பமுற்று நோகிறது. அழற்சி எனப்படும் இந்நிலையைக் கண்டு அஞ்சுவார் பலர். உடலின் காவற்படை வந்து சேர்வதன் அடையாளமே அது.

குருதியோடு விரைந்தோடும் வெள்ளணுக்கள், இறங்க வேண்டிய இடம் ஈதென அறிவது எங்ஙனம்? அவற்றின் மேற்புறத்துப் புரதங்கள் சர்க்கரைக் கிளைகளைத் தாங்கியுள்ளன. காயத்தை அடுத்த குருதிக்குழாயின் உட்சுவரோ, ‘செலக்டின்’ என்னும் புரதங்களை நீட்டுகிறது. இவை அச்சர்க்கரையைப் பற்றும், உடனே விடும், மீண்டும் பற்றும். அதனால் வெள்ளணு சுவரோரமாக உருண்டு, வேகந்தணிந்து, பின்னர் வேறு புரதங்களால் இறுகப் பற்றுண்டு நின்று, சுவரின் இடுக்கில் நுழைந்து காயத்தை அடைகிறது.

அக்கிளையில் ‘பியூக்கோசு’ என்னும் சிறு சர்க்கரை இல்லையேல்? 1952இல் பெண்டே முதலிய மருத்துவர்கள் பம்பாயில் கண்டறிந்த அரிய குருதிவகையினரின் சிவப்பணுக்களில் உரிய இடத்தில் இச்சர்க்கரை அமைவதில்லை. அவர்கள் நலமாகவே வாழ்கின்றனர். தம் வகைக் குருதியையன்றிப் பிறிதை ஏற்றல் மட்டுமே இயலாது. 1992இல் மருத்துவர்கள் விவரித்த சிறுவர் இருவர்க்கும் அதே குருதிவகைதான். ஆயின் வெள்ளணுக்களிலும் அச்சர்க்கரை அமையவில்லை. குருதியில் வெள்ளணுக்கள் மிகுந்திருந்தும் அவர்தம் புண்களில் சீழ் கட்டவில்லை. (சீழிற் பெரும்பகுதி மாண்ட வெள்ளணுக்களே.) தொற்றுநோய் மீண்டும் மீண்டும் வருத்திற்று. வெள்ளணுக்களோ இறங்கும் துறையின்றிக் குருதியிலேயே சுழன்றன.